முற்றம் இல்லாத முட்டம்

நீலக் கலரில் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு கூரை. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று வீடுகள், மலைச்சரிவில் படிப்படியாக இறங்குகின்றன. கீழே கடல். இந்தப் படத்தை நீங்கள் பார்க்காமல் தப்பித்திருக்க முடியாது. பல் டாக்டரின் வெயிட்டிங் ரூம், டிராவல் ஏஜென்சி காலண்டர், ஏன், சில சலூன்களில்கூட மாட்டியிருக்கிறார்கள். கிரீஸ் தேசத்து சாந்தோரினி தீவு. நம்ம ஊரில் ரிசார்ட் கட்டுகிற சிலரும் சுவருக்கு வெள்ளை, கதவுக்கு நீலம் அடித்துவிட்டு 'கிரேக்க பாணி' என்கிறார்கள். பெயின்ட் கடைக்காரருக்கு லாபம்.

முட்டத்துப் பாறைமேல் நிற்கும்போது எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. முட்டம் உங்களுக்குத் தெரியும். நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போகாதவர்களுக்கும் பாரதிராஜா காட்டிவிட்டார். 'அலைகள் ஓய்வதில்லை' 1981-ல், 'கடலோரக் கவிதைகள்' 1986-ல். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் பாறைகள், மேட்டில் கலங்கரை விளக்கம், மழைத்தண்ணீர் அரித்து அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடக்கும் செம்மண், அதை ஒட்டியே தென்னை, ஊருக்குள் சர்ச். காட்சி என்று பார்த்தால் முட்டம் சாந்தோரினிக்கு ஒரு மாற்றுக்கூடக் குறைவில்லை என்பது என் கட்சி. பாஸ்போர்ட் வேண்டாம் என்பது கூடுதல் வசதி.

சரி, காட்சி சமம். வீடு?

சாந்தோரினி படத்தில் நாம் மயங்குவது கடலைப் பார்த்து மட்டுமில்லை. அந்தக் கடலுக்கும் மலைக்கும் தோதாக உட்கார்ந்திருக்கிற வீடுகளைப் பார்த்தும்தான். முட்டத்துக்கு வருகிறவர்களோ கேமராவை ஜாக்கிரதையாக வீடுகள் விழாத பக்கம் திருப்புகிறார்கள். பாறை வேண்டும், அலை வேண்டும், விளக்கம் வேண்டும். அங்கே குடியிருப்பவர்களின் வீடு ஃப்ரேமுக்குள் வந்தால் படம் கெட்டுவிடும் என்று எண்ணம். இந்த எண்ணம் டூரிஸ்ட்டுக்கு இருந்தால் பரவாயில்லை. வீடு கட்டிக் கொடுத்தவர்களுக்கும் அந்த வீட்டைப் பற்றி அவ்வளவுதான் அக்கறை இருந்தது என்பதுதான் விஷயம்.

கட்டடக்கலை பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நான் படித்தது பி.காம். ஆனால் கணக்கு படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று தேடுவான். சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் எழுந்த வீடுகளை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

குமரி மாவட்டத்தின் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர்தான். அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ கிராமங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. 2004 டிசம்பர் 26-ல் வந்த அலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று இந்த வரிசையைப் புரட்டிப் போட்டது. 2005 மார்ச் 30-ல் தமிழக அரசு வருவாய்த்துறை மூலம் ஓர் அரசாணை போட்டது. எண் 172. வீடு ஒவ்வொன்றும் 300 முதல் 325 சதுர அடி. செலவு சுமார் 1.5 லட்சம் ரூபாய். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்து சேதமானவர்கள் உள்ளே தள்ளிப் போகச் சம்மதித்தால் புது வீடு இலவசம். போகமாட்டேன் என்றால் சொந்தச் செலவில் ரிப்பேர் பண்ணிக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. கட்டுவதற்குத் தொண்டு நிறுவனங்களும் கம்பெனிகளும் வந்தன.

குறை சொல்வதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீடு புருஷன் பெண்டாட்டி இருவர் பேரிலும் இருக்க வேண்டும் என்றது அந்த ஆணை. குடித்துவிட்டு வந்து 'என் வீட்டை விட்டு வெளியே போடி' என்று சொல்ல முடியாது. பூகம்பம், புயலைத் தாங்க வேண்டும் என்றும் நிபந்தனை இருந்தது. ஓலைக் குடிசையில் இருந்தவர்களுக்குக் கான்கிரீட் கூரை கிடைத்தது. சின்ன விஷயமில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1.5 லட்சத்தை 325-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 461 ரூபாய் சொச்சம். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை, டாய்லெட். சென்னையில் ஒரு சின்ன கிளார்க் குடும்பத்துக்கு என்ன வீடோ அதேதான், சுருக்கிய அளவில். அந்த கிளார்க் காலையில் ஆபீஸ் போகிறார். அவருடைய தொழில் வீட்டுக்கு வெளியே எங்கோ நடக்கிறது. வீடு அவருக்குச் சாப்பிட, தூங்க, டி.வி. பார்க்க. மீனவர் வீடு அப்படியா?

வலை எங்கே உலரும்? அறுந்த வலையை எங்கே உட்கார்ந்து பொத்துவார்கள்? மீனை எங்கே காயப்போடுவது? ஃபைபர் படகில் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின் முப்பது நாற்பது கிலோ இருக்கும். கடற்கரையில் விட்டுவிட்டு வர மனசு வராது, கழற்றித் தூக்கி வந்துவிடுவார்கள். அதை எங்கே வைப்பது? பெட்ரூமிலா? ராத்திரி முழுக்கக் கடலில் இருந்த ஆள் பகலில் தூங்க வேண்டும். அப்போது குழந்தைகள் எங்கே விளையாடும்? மீன் விற்கிற பெண்கள் கூடையும் பாத்திரமும் அலசித் தண்ணீரைக் கொட்ட இடம் எங்கே? எல்லாவற்றுக்கும் மேலே, கடல் இன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறது என்று வாசலில் நின்று பார்க்க வேண்டும். டி.வி.யில் வானிலை அறிக்கை வருவதற்கு முன்னால் இருந்தே அவர்கள் வாசலில் நின்றுதான் பார்க்கிறார்கள்.

இத்தனையும் முன்பு எங்கே நடந்தன? முற்றத்தில். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள முடுக்கில். அதைத் தாண்டி மணலில். கடலோரத்து வீட்டின் பெரும்பாதி வீட்டுக்கு வெளியேதான் இருந்தது. அதற்குப் பட்டா கிடையாது, சுவர் கிடையாது. அதனால் வரைபடம் போட்டவர் அதைப் பார்க்கவில்லை. பேரேட்டில் எழுதாமல் விட்டது அதைத்தான்.

குமரி மாவட்டத்தில் ஒரு சுனாமி காலனியில் ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். "வீடு எப்படி இருக்கு பாட்டி?"

"வீட்டுக்கு என்ன மக்களே, நல்லாத்தான் இருக்கு. கடலத்தான் காணல."

ஆர்க்கிடெக்சர் விமர்சனம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அவர்களில் எத்தனை பேரால் இவ்வளவு சுருக்கமாக எழுத முடியும்?

நாகப்பட்டினம் பக்கம் இதைவிட மோசம். ஜெனிஃபர் டுயின் பாரென்ஸ்டைன் என்ற ஆய்வாளர் அங்கே கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். கான்ட்ராக்டர் சைட்டைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று நிழல் தந்த மரங்களை வெட்டித் தள்ளியது, சுனாமி தொடாத பழைய வீடுகளைக்கூடப் புது வீடு தருவதற்காக இடித்தது, எல்லாம் அதில் இருக்கிறது. சுனாமி விட்டு வைத்ததை புல்டோசர் முடித்து வைத்திருக்கிறது.

கூரைக்கு வருகிறேன். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்கில் ஒரு ரவுண்டு, வடகிழக்கில் ஒரு ரவுண்டு. அதனால்தான் இந்தப் பக்கத்துப் பழைய வீடு எதை எடுத்தாலும் தாழ்வாரம் இறங்கிய சரிவுக் கூரை. முட்டத்திலிருந்து ரொம்ப தூரமில்லை, தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்ப் பாருங்கள். (தமிழ்நாட்டுக்குள் இருக்கும் அந்த அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு. அது தனிக் கதை.) ராஜா வீடுதான், ஆனால் கூரை மழைக்குப் பயந்த கூரை. சாய்ந்து, தாழ்ந்து, சுவரை நனையவிடாமல் குடை பிடிக்கிறது. மரச்சட்டங்களின் இடுக்கு வழியாகக் காற்று வரும், வெயில் பாதிதான் வரும். மார்த்தாண்ட வர்மாவின் தச்சர்களுக்குத் தெரிந்தது நம்முடைய ஸ்டாண்டர்டு டிசைனுக்குத் தெரியவில்லை. காலனி வீடுகளுக்குத் தட்டையான மொட்டை மாடி போட்டார்கள். தண்ணீர் தேங்கும், உப்புக்காற்று உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏறினால் கம்பி உப்பும், கான்கிரீட் அப்பளமாகப் பெயர்ந்து விழும். கடலோரத்தில் கட்டுகிற எந்த மேஸ்திரியும் இதைச் சொல்வார், கேட்டிருந்தால்.

பட்ஜெட் இவ்வளவுதான், அவசரம் வேறு, இதற்குமேல் என்ன செய்ய முடியும் என்று அதிகாரிகள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லலாம். அதற்குப் பதில் அறுபது எழுபது கிலோமீட்டரில் இருக்கிறது. திருவனந்தபுரத்தை ஒட்டிய பூந்துறை. லாரி பேக்கர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007-ல் திருவனந்தபுரத்திலேயே கண்ணை மூடிய மனிதர். 1974-75-ல் பூந்துறை மீனவர்களுக்கு வீடு கட்டினார். ஏழைகளுக்கான வீடு, கை இறுக்கமான பட்ஜெட். அவர் செய்த முதல் காரியம், வீடுகளை ராணுவ பாரக்ஸ் மாதிரி நேர்கோட்டில் நிறுத்தாமல் ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று நகர்த்தியது. ஒரு வீடு இன்னொரு வீட்டின் காற்றை மறிக்காது. ஒவ்வொரு வாசலுக்கும் கொஞ்சம் கடல் தெரியும். நகர்த்தியதில் கிடைத்த இடம் வீட்டுக்கு வீடு ஒரு சின்ன முற்றம். வலை காயப்போட, பிள்ளைகள் விளையாட. சுவரில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலி. கூரையைத் தாழ்வாகச் சரித்து விட்டதால் கடல் காற்று வீட்டை முட்டாமல் மேலே ஏறிப் போய்விடும்.

இதில் எந்த ஐட்டத்துக்குக் கூடுதல் பணம் வேண்டும் என்று சொல்லுங்கள். வீட்டைப் பத்தடி முன்னால் நகர்த்த சிமென்ட் தேவையில்லை. ஜாலி வைத்தால் செங்கல் மிச்சம். சுனாமிக்கு முப்பது வருஷம் முன்னால் பக்கத்து ஊரில் செய்து காட்டியது இது. நாம்தான் போய்ப் பார்க்கவில்லை.

பேரழிவுக்குப் பிறகு அவசரமாகக் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று இன்னும் யாராவது சொன்னால், அவர்களைத்தான் சாந்தோரினிக்கு அழைத்துப் போக வேண்டும். காலண்டர் படத்தில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. 1956 ஜூலை 9-ல் அந்தத் தீவைப் பெரிய பூகம்பம் உலுக்கியது. கூடவே சுனாமியும். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள், ஊர் ஊராக வீடுகள் சரிந்தன. (அதே வருஷம் நவம்பர் 1-ல்தான் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சம்பந்தமில்லைதான், தேதிகள் இப்படிப் பக்கத்தில் வந்து நின்றால் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.)

அந்தத் தீவின் பழைய வீடுகளில் பல, எரிமலைச் சாம்பல் இறுகிய சரிவைக் குடைந்து செய்தவை. தீவில் மரம் கிடையாது, உத்தரம் போட வழியில்லை. அதனால் கூரை வளைவாக, பாதி பீப்பாய் மாதிரி. வளைவில் விழும் மழைத்தண்ணீர் வழிந்து தொட்டிக்குப் போகும். சரிவில் அடுக்கடுக்காக இருப்பதால் கீழ் வீட்டுக்காரரின் கூரை மேல் வீட்டுக்காரரின் முற்றம். வெள்ளைச் சுண்ணாம்பு, வெயிலைத் திருப்பி அனுப்ப. நாம் போஸ்டரில் பார்த்து 'என்ன அழகு' என்கிறோமே, அதில் அழகுக்காகச் செய்தது என்று தேடினால் ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்கும்.

பூகம்பத்துக்குப் பிறகு கிரேக்க அரசின் புனரமைப்பு வேலைக்கு கான்ஸ்டான்டினோஸ் தெகாவாலாஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர் போனார். அவருக்கும் அவசரம், அவருக்கும் பட்ஜெட். போருக்கும் உள்நாட்டுச் சண்டைக்கும் பிறகு கிரீஸ் அப்போது ஏழை நாடு. ஏதென்ஸில் உட்கார்ந்து ஒரு பெட்டி வீடு வரைந்து அனுப்பியிருக்கலாம். அவரும் கூட இருந்தவர்களும் அந்தத் தீவின் வளைகூரையையே எடுத்துக்கொண்டார்கள். கூடவே முற்றம். சில அடிப்படை மாதிரிகளை வைத்துக்கொண்டு, நிலத்துக்குத் தகுந்தபடி சேர்த்துச் சேர்த்துப் புதுக் குடியிருப்புகள் கட்டினார்கள். பழைய வீட்டைக் காப்பியடித்த பொம்மை வீடில்லை, புது வீடுதான். ஆனால் அந்த ஊர் ஆளுக்கு வாசலில் கால் வைத்ததும் தன் வீடு என்று தெரியும். தொழிலாளிக்கும் விவசாயிக்கும் அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடுகள் இவை என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காக கிரேக்கர்கள் எல்லாரும் ரசனைச் சிகாமணிகள் என்று நினைத்துவிட வேண்டாம். அதே காலத்தில் ஏதென்ஸ் நகரத்தில் என்ன நடந்தது தெரியுமா? மனைக்காரர் நிலத்தைக் கொடுப்பார், பில்டர் அடுக்குமாடி கட்டுவார், மனைக்காரருக்குக் காசுக்குப் பதில் சில ஃபிளாட்டுகள். நம்ம ஊர் ஜாயின்ட் வென்ச்சர் அப்படியே. ஏதென்ஸே கான்கிரீட் அலமாரியாகிவிட்டது. அந்த அலமாரிக்கு நடுவில்தான் டிமிட்ரிஸ் பிக்கியோனிஸ் என்ற மனிதர் 1954 முதல் 57 வரை அக்ரோபோலிஸ் குன்றுக்குப் போகும் நடைபாதைகளை அமைத்தார். இடித்துப் போட்ட பழைய வீடுகளின் கற்களைப் பொறுக்கி, கொத்தனார்களோடு தானும் நின்று, ஒவ்வொரு கல்லாக. ஒரே நாடு, ஒரே வருஷம், இரண்டு விதமான வேலை.

சாந்தோரினியின் இன்றைய நிலவரத்தையும் சொல்லாவிட்டால் கணக்கில் பொய்யெழுதின மாதிரி ஆகும். மலைச்சரிவின் அந்தக் குகை வீடுகள் ஒரு காலத்தில் சாதாரண மாலுமிகளுடையவை. கப்பல் கேப்டன்களின் மாளிகை மேலே, மாலுமியின் பொந்து கீழே. இன்றைக்கு அந்தப் பொந்துக்குள் நீச்சல் குளம் வைத்து ராத்திரிக்குச் சில நூறு யூரோ வாங்குகிறார்கள். சுமார் 15 ஆயிரம் பேர் வசிக்கும் தீவுக்கு வருஷத்துக்கு 30 லட்சம் பேருக்கு மேல் வந்து போகிறார்கள். 2025 பிப்ரவரியில் விடாமல் பூமி அதிர்ந்தபோது 10 ஆயிரம் பேருக்கு மேல் தீவைவிட்டுக் கிளம்பினார்கள். ஆக, வீடு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. ரொம்ப நன்றாக இருந்தால் அதில் வேறு யாராவது குடிவந்துவிடுகிறார்கள்.

முட்டத்துக்கு அந்த ஆபத்து இல்லை என்று நினைக்கிறீர்களா? மீனவரை 200 மீட்டருக்கு அப்பால் அனுப்பியது பாதுகாப்புக்காக. நல்லது. ஆனால் 'சீ வியூ' என்று விளம்பரம் செய்து விற்கிற இடம் எது? அவர் காலி செய்த பக்கம்தான். கடல் அவருக்கு அபாயம், அடுத்தவருக்கு காட்சி. சட்டமும் மீட்டரை மாற்றிக்கொண்டே இருக்கிறது. 2019-ல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, ஜனநெருக்கம் மிகுந்த கிராமங்களில் 200 மீட்டர் தடையை 50 மீட்டராகக் குறைக்க வழி செய்தது. இதன் பலன் முதலில் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று உள்ளூர்க்காரர்கள் கண்ணை விழித்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குமரிக் கடற்கரையில் இன்றைக்கு மிகப் பெரிய கட்டுமானம் எது என்றால் சர்ச்சும் இல்லை, துறைமுகமும் இல்லை. கடலரிப்புக்குத் தடுப்பாகக் கொட்டி வைத்திருக்கும் கருங்கல் சுவர். அதோடு கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள். மலையைப் பெயர்த்துக் கடலோரம் கொட்டியிருக்கிறார்கள். வீட்டைக் காப்பாற்றுகிறது, மறுக்கவில்லை. ஊர்க்காரர்களே கேட்டுப் போராடி வாங்கியதும் உண்டு. ஆனால் சுவர் வந்த இடத்தில் மணல் போய்விடுகிறது. படகு ஏற்றிவைத்த, வலை விரித்த, சாயங்காலம் உட்கார்ந்து பேசிய மணல். சுவருக்குப் பின்னால் இருக்கும் வாசலிலிருந்து பார்த்தால் தெரிவது கல். இதையும் யாரோ டிசைன் செய்கிறார்கள்தானே? படகு ஏறி இறங்க ஒரு சாய்வு, உட்கார நாலு படி என்று அந்தக் கல்லிலேயே வைக்கலாமே என்றால், அது வேறு ஹெட்டில் வரும் செலவு என்பார்கள். எனக்குத் தெரியும், நான் பி.காம்.

காலனி வீடுகளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதுதான் சுவாரஸ்யம். குடிவந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. முன்பக்கம் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டு ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். அடியில் ஒரு சிமென்ட் திண்ணை. சிலர் அடுப்பை உள்ளேயிருந்து பின்பக்கம் ஓலை மறைப்புக்கு மாற்றினார்கள், மீன் வறுக்கும் புகை 325 சதுர அடிக்குள் சுற்றிச் சுற்றி வந்தால் யார் இருப்பது? வளைகுடாவில் பிள்ளை சம்பாதிக்கும் வீடுகளில் மொட்டை மாடிக்கு மேலே இன்னொரு சரிவுக் கூரை தகரத்தில். பத்மநாபபுரத்துத் தச்சர் பார்த்தால் மெட்டீரியலைப் பார்த்து முகம் சுளிப்பார், சரிவைப் பார்த்துத் தலையாட்டுவார். இந்த எக்ஸ்டென்ஷன்களைப் போய்ப் பாருங்கள். வலை அங்கேதான் தொங்குகிறது, எஞ்சின் அங்கேதான் படுத்திருக்கிறது, தாத்தா அங்கேதான் தூங்குகிறார். முதல் வரைபடத்தில் விட்டுப்போன பாதி வீட்டை அவரவர் கைக்காசில் கட்டிச் சேர்த்திருக்கிறார்கள். அலுவலக மொழியில் இதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. என்னைக் கேட்டால் அந்தக் காலனிகளில் கட்டடக்கலை என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

2024-ல் தமிழக அரசு அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தின் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். குடிசைகளுக்குப் பதில் வீடு, 360 சதுர அடி, செலவு மூன்றரை லட்சம். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்கு ஓடோ, தீப்பிடிக்காத வேறு எதுவோ, வீட்டுக்காரர் இஷ்டப்படி போட்டுக்கொள்ளலாம். இஷ்டப்படி என்ற வார்த்தையை அரசு வீட்டுத் திட்டத்தில் பார்த்ததும் இரண்டு தடவை படித்தேன். ஆறடிக்குப் பத்தடி. ஒரு வலையை மடித்து வைக்கலாம், எஞ்சினைச் சாய்த்து வைக்கலாம், ஒரு பாட்டி கால் நீட்டி உட்காரலாம். அந்த அறுபதை வீட்டின் எந்தப் பக்கம் வைப்பது என்று முட்டத்துக்கு வரும் எஞ்சினியர் டேப்பைப் பிரிப்பதற்கு முன்னால் வாசலில் நின்று ஒரு தடவை கேட்கட்டும். கையைக் கடல் பக்கம்தான் காட்டுவார்கள்.